13 வயதில் உலகப் புகழ்! 25 வயதில் பிணம்! பாட்டுப் பையன் பிராங்கி லைமனின் கதை

செத்துப்போன ஒரு பாடகருக்கு மனைவி என்று சொல்லிக்கொண்டு மூன்று பெண்கள் வந்தார்கள். மூன்று பேரும் கோர்ட்டுப் படி ஏறினார்கள். நான்தான் உண்மையான மனைவி, மற்ற இரண்டு பேரும் பொய் என்று ஒவ்வொருத்தியும் சாதித்தாள்.

பாடகர் இறந்து அப்போது 13 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைசிக் காலத்தில் அவர் கையில் சொல்லிக்கொள்ளும்படி காசு கிடையாது. புதைத்த இடத்திலே பெயர் பொறித்த கல்கூடக் கிடையாது.

பிறகு எதற்கு இந்தச் சண்டை?

எல்லாம் ஒரே ஒரு பாட்டுக்காக! இரண்டு நிமிஷம் சொச்சம் ஓடுகிற பாட்டு. 13 வயதுப் பொடியனாக இருந்தபோது அவர் பாடியது.

அந்தப் பையன் பெயர் பிராங்கி லைமன். ஊர் அமெரிக்காவில் நியூயார்க்.

மளிகைக் கடைப் பையன்

நியூயார்க்கின் வடக்கே கறுப்பர்கள் நெருக்கமாக வாழ்கிற பகுதி ஹார்லெம். அங்கே 1942 செப்டம்பர் 30-ந் தேதி பிராங்கி பிறந்தான். அப்பா லாரி டிரைவர். அம்மா வீட்டு வேலை செய்தவர். இரண்டு பேருக்குமே நல்ல குரல். ஒரு பக்திப் பாட்டுக் குழுவில் சேர்ந்து பாடி வந்தார்கள். பிராங்கியும் அவனுடைய சகோதரர்களும் அதே குழுவின் சின்னப் பிள்ளைகள் பிரிவில் பாடினார்கள்.

வீட்டிலே பற்றாக்குறை. 10 வயதிலேயே பிராங்கி மளிகைக் கடை வேலைக்குப் போய்விட்டான். தெருச் சகவாசமும் அந்த வயதிலேயே ஒட்டிக்கொண்டது. சின்ன வயதில் பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்தேன், செய்யக் கூடாததையெல்லாம் செய்தேன் என்று பின்னாளில் அவரே பத்திரிகைக்குச் சொன்னார்.

அந்தக் காலத்து நியூயார்க்கில் ஏழை வீட்டுப் பையன்களுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. நாலைந்து பேர் தெரு முனையில் கூடுவார்கள். வாத்தியம் வாங்கக் காசு ஏது? எல்லாம் வாய்தான்! ஒருவன் பாட்டை எடுப்பான். ஒருவன் அடித்தொண்டையில் தாளம் போடுவான். மற்றவர்கள் கூடவே இழுப்பார்கள். மாடிப்படிக்குக் கீழே நின்று பாடினால் சுவர் எதிரொலிக்கும், குரல் கனமாகக் கேட்கும். இந்தப் பாட்டு வகைக்குப் பிற்காலத்தில் டூ-வாப் என்று பெயர் வந்தது.

பிராங்கி படித்த பள்ளிக்கூடத்திலேயே இப்படி ஒரு கோஷ்டி இருந்தது. ஹெர்மன் சாந்தியாகோ, ஜோ நெக்ரோனி, ஜிம்மி மெர்ச்சண்ட், ஷெர்மன் கார்ன்ஸ் என்று நாலு பேர். முதல் இரண்டு பேரும் போர்ட்டோ ரிக்கோ தீவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். மற்ற இரண்டு பேரும் கறுப்பர்கள். முன்னணிப் பாடகன் சாந்தியாகோதான். ஐந்தாவதாக, கடைசியில் வந்து சேர்ந்தவன் பிராங்கி. எல்லோரையும்விடச் சின்னவன்!

காதல் கடிதத்தில் பிறந்த பாட்டு

ஷெர்மன் குடியிருந்த கட்டடத்தில் ஓர் ஆள் இருந்தார். அவருடைய காதலி அவருக்குக் கவிதை மாதிரி கடிதம் எழுதுவாளாம். இந்தப் பையன்கள் பாடுவதைக் கேட்டுவிட்டு, அடுத்தவன் பாட்டையே எத்தனை நாள் பாடுவீர்கள், சொந்தமாக ஒன்று கட்டுங்கள் என்று அந்தக் கடிதங்களை அவர்களிடம் கொடுத்துவிட்டார். அதிலிருந்துதான் ‘ஒய் டூ பூல்ஸ் பால் இன் லவ்’ என்ற பாட்டு பிறந்தது. முட்டாள்கள் ஏன் காதலில் விழுகிறார்கள் என்று கேட்கிற பாட்டு.

ரிச்சர்ட் பேரட் என்ற பாடகர் இந்தக் கோஷ்டியைப் பார்த்தார். பையன்களைக் கூட்டிக்கொண்டு போய் ஜார்ஜ் கோல்ட்னர் என்ற இசைத்தட்டு முதலாளியின் முன்னால் நிறுத்தினார்.

முதலாளி கேட்டார். பிராங்கியின் குரல் அவரைச் சுண்டி இழுத்துவிட்டது. கணீர் என்ற பிஞ்சுக் குரல். எவ்வளவு மேலே போனாலும் பிசிறு தட்டாது. முன்னணி இடம் அங்கேயே கைமாறியது. சாந்தியாகோ பின்வரிசைக்குப் போனான். கடைசியில் வந்த பொடியன் முன்னால் வந்து நின்றான்.

1956 ஜனவரியில் இசைத்தட்டு கடைக்கு வந்தது. கோஷ்டிக்கு ‘டீனேஜர்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

ஒரே நாளில் ராஜா

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. அமெரிக்காவின் பொது விற்பனைப் பட்டியலில் 6-வது இடம். கறுப்பர் இசைப் பட்டியலில் ஐந்து வாரம் முதல் இடம். கடல் தாண்டி இங்கிலாந்திலும் அதே கதை. 1956 ஜூலையில் அங்கே மூன்று வாரம் முதலிடத்தை விட்டு நகரவே இல்லை!

நேற்று வரை மளிகைச் சாமான் தூக்கிய பையன். இன்றைக்கு அவனைப் பார்க்க வாசலிலே பெண் பிள்ளைகள் கூட்டம். மார்பில் பெரிய எழுத்துப் போட்ட வெள்ளை ஸ்வெட்டர்தான் கோஷ்டியின் சீருடை. ஐந்து பேரும் அதைப் போட்டுக்கொண்டு மேடையில் ஆடிப் பாடினால் அரங்கமே அலறும். அந்த வருஷமே ‘ராக், ராக், ராக்’ படத்தில் தலை காட்டினார்கள். அதில் ஒரு பாட்டு, நான் தறுதலைப் பிள்ளை இல்லை என்று பிராங்கி பாடுவது. அமெரிக்கா முழுக்கத் தாய் தகப்பன்மார் இளவட்டங்கள் கெட்டுப் போகிறார்களே என்று புலம்பிக்கொண்டிருந்த நேரம் அது. பாட்டு எடுபட்டது.

1957-ல் லண்டன் பயணம். புகழ்பெற்ற பலேடியம் அரங்கில் பிராங்கி பாடினான்.

அது எப்பேர்ப்பட்ட காலம் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பனுக்கு பஸ்ஸிலே தனி இடம், பள்ளிக்கூடம் தனி. மான்ட்கோமரி நகரில் கறுப்பர்கள் பஸ்ஸில் ஏற மறுத்துப் போராடிய வருஷம்தான் 1956. அந்த வருஷத்தில் ஹார்லெம் பையன் ஒருவன் பாடியதை வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளைகளும் காசு கொடுத்து வாங்கினார்கள். சாதாரண விஷயமா?

ஒரு நடனம், நின்றது நிகழ்ச்சி!

ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருந்தது.

1957 ஜூலையில் ஆலன் பிரீட் என்பவர் நடத்திய டெலிவிஷன் நிகழ்ச்சிக்கு பிராங்கி போனான். பாட்டு முடிந்து எல்லோரும் ஆடினார்கள். பிராங்கியும் ஆடினான். கூட ஆடியது ஒரு வெள்ளைக்காரப் பெண் பிள்ளை!

அவ்வளவுதான். தென் மாநில டெலிவிஷன் நிலையக்காரர்கள் கொதித்துப் போனார்கள். கறுப்புப் பையன் வெள்ளைப் பெண்ணோடு ஆடுவதை எங்கள் ஊரில் காட்டுவதா என்று கூச்சல். சீக்கிரமே அந்த நிகழ்ச்சியை மூட்டை கட்டிவிட்டார்கள். பிராங்கிக்கு அப்போது 14 வயது.

கூட்டாளிகள் பிரிந்தார்கள்

அதே வருஷத்தில் இன்னொரு அடி. முதலாளி கோல்ட்னருக்குக் குதிரைப் பந்தயப் பித்து. பந்தயம் என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடன் ஏறியது. கம்பெனிப் பங்குகளை மோரிஸ் லெவி என்பவருக்கு விற்றுவிட்டார். லெவி ரூலெட் இசைத்தட்டுக் கம்பெனியின் முதலாளி. பாதாளக் கும்பல் ஆட்களோடு சகவாசம் உள்ளவர். பணம் பறிக்கச் சதி செய்த வழக்கில் 1988-ல் தண்டனை பெற்று, சிறைக்குப் போகும் முன்பே 1990-ல் இறந்தார்.

பிராங்கியைத் தனியாகப் பாட வைத்தால் லாபம் அதிகம் என்று முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். ‘குடி குடி’ என்ற தட்டில் கோஷ்டியின் பெயர் இருந்தது, கோஷ்டியின் குரல் இல்லை. அது 20-வது இடத்தோடு நின்றது. 1957 செப்டம்பருக்குள் நண்பர்கள் வேறு, பிராங்கி வேறு என்று ஆகிவிட்டது.

பிராங்கி இல்லாத கோஷ்டி எழும்பவில்லை. கோஷ்டி இல்லாத பிராங்கியும் எழும்பவில்லை.

கடைசியில் இயற்கையும் கைவிட்டது. நம் பழைய பாய்ஸ் கம்பெனி நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்று சொல்வார்களே, அது வந்தது. குரல் உடைந்தது. எந்தப் பிஞ்சுக் குரலுக்காக ஊரே கூடியதோ, அந்தக் குரல் போயே போய்விட்டது. 1960-ல் ஒரு தட்டு வந்தது. 58-வது இடத்துக்கு மேல் ஏறவில்லை. அடுத்த வருஷம் கம்பெனி கைகழுவிவிட்டது.

18 வயதில் ஒருவன் முன்னாள் நட்சத்திரம்!

ஊசியின் பிடியில்...

குரல் போவதற்கு முன்பே குடிபுகுந்துவிட்ட சனியன் ஒன்று இருந்தது. ஹெராயின்! 15 வயதில் தன்னைவிட மிகவும் மூத்த ஒரு பெண் இதைப் பழக்கிவிட்டாள் என்று 1967-ல் ‘எபனி’ பத்திரிகையில் வந்த பேட்டியில் பிராங்கியே சொன்னார்.

சிகிச்சைக்குப் போனார். வெளியே வந்தார். மறுபடி விழுந்தார்.

1965-ல் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். பழைய தட்டைச் சுழல விட்டார்கள். 22 வயது வாலிபர் முன்னால் நின்று வாயை மட்டும் அசைத்தார். கேட்டதெல்லாம் அவருடைய 13 வயதுக் குரல். தன்னுடைய குரலுக்கே வாயசைக்க வேண்டிய நிலை!

இதற்கிடையில்தான் கல்யாண விவகாரங்கள். 1964 ஜனவரியில் எலிசபெத் வாட்டர்ஸ் என்ற பெண்ணை மணந்தார். அது நிலைக்கவில்லை. அடுத்து ‘பிளாட்டர்ஸ்’ என்ற பிரபல கோஷ்டியின் பாடகி ஜோலா டெய்லர். 1965-ல் மெக்சிகோ எல்லை தாண்டிப் போய்க் கல்யாணம் செய்துகொண்டோம் என்று ஜோலா பின்னாளில் சொன்னார். வெறும் விளம்பரத்துக்காகக் கிளப்பிவிட்ட செய்தி என்றும் பேச்சு உண்டு.

1966-ல் போதை மருந்து வழக்கில் பிராங்கி பிடிபட்டார். ஜெயிலுக்குப் பதிலாக ராணுவத்துக்கு அனுப்பினார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா நகரத்துக்குப் பக்கத்தில் முகாம். அந்த ஊரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர் எமிரா ஈகிள். இரண்டு பேருக்கும் பிடித்துப் போனது. 1967 ஜூனில் தேவாலயத்தில் முறைப்படி கல்யாணம் நடந்தது.

ராணுவ ஒழுங்கு பிராங்கிக்கு ஒத்துவரவில்லை. அனுமதி இல்லாமல் நழுவிப் போய்ச் சின்னச் சின்ன கிளப்புகளில் பாடினார். ராணுவம் வெளியே அனுப்பிவிட்டது. மனைவி வீட்டில் வந்து தங்கினார். ஆனால் ஒரு நல்லது நடந்தது. ராணுவத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஊசியைத் தொடவில்லை.

நாளைக்குப் பாட்டு, இன்றைக்குச் சாவு

1968 பிப்ரவரி. நியூயார்க்கில் ஒரு புதிய கம்பெனி பாடக் கூப்பிட்டது. பிராங்கி சந்தோஷமாகக் கிளம்பிப் போனார். 28-ந் தேதி பாட்டுப் பதிவு என்று முடிவானது. ஹார்லெமில் பாட்டி வீட்டில் தங்கினார். சின்ன வயதில் வளர்ந்த அதே வீடு.

பழைய தெரு. பழைய சகவாசம். நல்ல காலம் திரும்புகிறது என்ற கொண்டாட்டம். ஒரே ஒரு தடவைதானே என்று நினைத்தாரோ என்னவோ!

நீண்ட நாள் விட்டிருந்தவன் உடம்பு பழைய அளவைத் தாங்காது. 27-ந் தேதி குளியலறையில் பிணமாகக் கிடந்தார். பக்கத்திலே ஊசி. வயது 25.

பிராங்க்ஸ் பகுதியில் உள்ள செயின்ட் ரேமண்ட் கல்லறையில் புதைத்தார்கள். ஊர் மறந்துபோனது.

பணம் எப்படி வருகிறது?

1981-ல் புகழ்பெற்ற பாடகி டயானா ராஸ் அந்தப் பழைய பாட்டை எடுத்துத் தன் குரலில் பாடினார். மறுபடியும் வெற்றி. அமெரிக்காவில் 7-வது இடம். பாட்டுக்குப் புது உயிர். கூடவே பணம்!

இங்கேதான் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பாட்டில் இரண்டு வகை வருமானம் உண்டு. பாடினவருக்கு ஒன்று, எழுதினவருக்கு ஒன்று. அமெரிக்காவில் ஒரு பாட்டை ரேடியோவில் போட்டால் அதற்கான பணம் எழுதினவருக்கும் பாட்டைப் பதிப்பித்தவருக்கும்தான். பாடினவருக்குக் காலணா கிடையாது! வேறொருவர் அதே பாட்டைப் பாடித் தட்டு விற்றாலும் எழுதினவருக்குப் பங்கு உண்டு. ஆக, பாட்டின் உரிமைப் பதிவில் எழுதியவர் என்று யார் பெயர் இருக்கிறதோ, அவர் வீட்டுக்குப் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

இந்தப் பாட்டுக்கு யார் பெயர் இருந்தது? முதலில் பிராங்கி, கூட முதலாளி கோல்ட்னர். பிறகு கோல்ட்னர் பெயர் போனது. அந்த இடத்தில் லெவியின் பெயர் வந்தது. கடுதாசியை வைத்துக்கொண்டு முதல் முதலாக மெட்டுக் கட்டினோம் என்று சொன்ன சாந்தியாகோ, மெர்ச்சண்ட் பெயர்கள் எங்கே? காணோம்!

இன்னொன்று, காலக்கெடு. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி பாட்டின் உரிமை 28 வருஷம். அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும். எழுதினவர் உயிரோடு இல்லையென்றால் அந்த உரிமை அவருடைய விதவைக்கும் பிள்ளைகளுக்கும் போகும். 1956-ல் வந்த பாட்டு. 1984-ல் கெடு. பிராங்கிக்கோ பிள்ளை இல்லை.

அப்படியானால் விதவை யார்?

மூன்று பேரில் யார்?

எலிசபெத் வந்தார். ஜோலா வந்தார். எமிரா வந்தார்.

ஜோலாவிடம் கல்யாணப் பத்திரம் இல்லை. எலிசபெத்துக்கு வேறு சிக்கல். பிராங்கியை மணந்த 1964-ல் அவருக்கு முதல் புருஷனோடு விவாகரத்து முடிந்திருக்கவில்லை. இருந்தாலும் புருஷன் பெண்சாதியாகக் குடும்பம் நடத்தினோம் என்று வாதாடினார். முதல் தீர்ப்பு எலிசபெத் பக்கம் போனது. எமிரா விடவில்லை. அப்பீல் செய்தார். 1990-ல் நியூயார்க் அப்பீல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஊரறியத் தேவாலயத்தில் மணந்த டீச்சர் அம்மாதான் சட்டப்படி மனைவி என்று முடிந்தது. ஒரு வருஷம்கூட முழுசாகச் சேர்ந்து வாழாதவர்!

கோர்ட்டில் நடந்த இந்தக் கூத்து 1998-ல் சினிமாவாகவும் வந்தது.

மிச்சம் இருந்த இரண்டு பேர்

கோஷ்டியின் மற்ற நாலு பேர் என்ன ஆனார்கள்? ஷெர்மன் 1977-ல் இறந்தார். ஜோ 1978-ல் இறந்தார். மிஞ்சியவர்கள் சாந்தியாகோவும் மெர்ச்சண்டும்தான்.

இரண்டு பேரும் வழக்குப் போட்டார்கள். அந்தப் பாட்டை எழுதியவர்களில் நாங்களும் உண்டு, எங்கள் பெயரை மறைத்துவிட்டார்கள் என்றார்கள். 1992-ல் ஜூரிகள் அதை ஒப்புக்கொண்டார்கள். 36 வருஷத்துக்குப் பிறகு நியாயம் கிடைத்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கிடைக்கவில்லை! 1996-ல் அப்பீல் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. யார் எழுதியது என்பதற்குள்ளேயே போகவில்லை. இப்படிப்பட்ட வழக்கை மூன்று வருஷத்துக்குள் போட்டிருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது, போய் வாருங்கள் என்று முடித்துவிட்டது.

பாட்டின் உரிமைத் தாளில் பிராங்கி, லெவி என்ற இரண்டு பெயர்களே நிலைத்தன. ஒரு சுரம்கூடப் பாடாதவர் லெவி.

இதற்கு நடுவே 1993-ல் ராக் இசைப் புகழ் மண்டபத்தில் ஐந்து பேருக்கும் இடம் கொடுத்துக் கௌரவித்தார்கள். மைக்கேல் ஜாக்சனின் குடும்பக் கோஷ்டியை உருவாக்கியபோது அதற்கு மாதிரியாக மோட்டவுன் கம்பெனி வைத்துக்கொண்டது இந்த டீனேஜர்ஸைத்தான் என்று இசை உலகில் சொல்வார்கள். பிராங்கியின் குரலைக் கேட்டுத்தான் பாட வந்தேன் என்று ரானி ஸ்பெக்டர் என்ற பாடகி கடைசிவரை சொல்லி வந்தார். புகழுக்குக் குறைவில்லை.

கல்லறைக் கல்லுக்கு மட்டும் வருஷக்கணக்கில் வழி பிறக்கவில்லை. ரசிகர்கள் கச்சேரி வைத்துப் பணம் திரட்டினார்கள். கல்லும் தயாரானது. ஆனால் அது கல்லறைக்குப் போகாமல் ஒரு இசைத்தட்டுக் கடையிலேயே கிடந்தது. கடைசியில் 1990-களின் முடிவில் எமிராதான் ஒரு கல்லை நட்டார்.

13 வயதில் பாடிய பாட்டு இன்னமும் ரேடியோவில் ஒலிக்கிறது. பணமும் வருகிறது. பாடின பிள்ளைகள் கையெழுத்துப் போட்டபோது, என்ன தாளில் போடுகிறோம் என்று படித்துச் சொல்லப் பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லை. அதுதான் நடந்தது.